அதிபராகப் போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு அதிபராக நியமனம் பெற்றிருக்கிறீர் என்றறிந்து மகிழ்ந்தேன். பதிவேடுகளைப் பற்றியும் கட்டடத் திருத்தங்களைப் பற்றியும் உமக்குப் புத்தி சொல்லப் பலர் இருப்பார்கள் என்பதால், நான் கற்பித்தலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, மாங்குளத்தில் பேருந்து மாறி, வசதி குறைந்த ஊர்களில் கற்பிக்க வேண்டிய கஷ்டப் பிரதேச சேவையை முடிக்க வரும் இளம் ஆசிரியர்கள் பலர் உம்மிடம் இருப்பார்கள். நல்ல பாடம் எப்படியிருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். கண்ணால் கண்டிருப்பார்களா என்பது சந்தேகமே. 2007இல் தரம் 6க்கும் 10க்கும் பிள்ளையின் செயல்திறனை மையமாகக் கொண்ட தேர்ச்சிமையக் கலைத்திட்டம் வந்த பின்னர், நான் கற்பித்த ஒரு பாடசாலையில், பிள்ளைகளைப் பேசவிட வேண்டும் என்று சொல்லும் கைந்நூலை அதிபர் இரண்டு மணி நேரம் வாசிக்க, நாங்கள் வாய் திறவாமல் கேட்டிருந்தோம். மறுநாள் என் வகுப்பில் நானும் அப்படியே வாசித்தேன்.

பின்னர் வந்த அதிபர் எங்களைப் பின்வாங்கில் இருத்திவிட்டுத் தரம் 6க்குத் தாமே பின்னம் படிப்பித்தார். காலா, எட்டில் ஒன்றா பெரிது என்று அவர் கேட்டபோது, நான்கிலும் எட்டுப் பெரிதென்பதால் எட்டில் ஒன்றே பெரிது என்றாள் ஒரு சிறுமி. (எட்டில் ஒன்றை அரைக்கால் என்று சொல்லும் பாட்டிமாரிடம் கணக்குக் கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது.) அவர் சரி பிழை கூறாமல் ஒரு தாளை நீட்டி மடிக்கச் சொன்னார். இரண்டு மடிப்பில் நான்கு, மூன்றாவதில் எட்டு. அவள் விரித்து எண்ணி, தன் விடையைத் தானே அழிக்கும்வரை, வெண்கட்டியை விரலிடையே உருட்டியபடி பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை எந்தக் கைந்நூலிலும் நான் படித்ததில்லை.

பாடம் முடிந்ததும், எங்களில் ஆக இளையவரான ஆசிரியையிடமே தம் பாடத்தின் குறையை முதலில் கேட்டார். கடைசி வாங்கிலிருந்த பையனை ஒருதரமும் கேட்கவில்லை என்று அவர் தயங்கித் தயங்கிச் சொல்ல, அதிபர் தமது பாடக்குறிப்பின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அதன்பின் அவர் மேற்பார்வைக்கு வந்த நாட்களில் எனக்குக் கை நடுங்கியதில்லை.

நீரும் உமது ஆசிரியர்கள் பார்த்திருக்க நீரே படிப்பியும். அதற்குக் கெட்டிக்கார வகுப்பைத் தெரிந்தெடுக்காமல், மற்றவர்கள் போகத் தயங்கும் வகுப்பையே எடும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். தொலைபேசியை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போம். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அழைத்தாலும் 40 நிமிடம் கழித்துப் பேசலாம்.

அன்புடன்,
உமது பழைய ஆசிரியர்