இலியாஸ்டமி: தண்ணீர் மட்டும் தாகம் தீர்க்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலில் நீர் வற்றாமல் காத்துக்கொள்வது பற்றி நாளிதழ்களில் வரும் அறிவுரைகள் பெரும்பாலும் 'தண்ணீர் நிறையக் குடியுங்கள்' என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. பெருங்குடல் வேலை செய்கிறவர்களுக்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் இலியாஸ்டமி அறுவை சிகிச்சையில் சிறுகுடலின் முனை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவரப்பட்டு, அதன்மேல் பை பொருத்தி வாழும் என் போன்றவர்களுக்கு அந்த வரி சில வேளைகளில் தீங்காக முடிவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெருங்குடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் நீரையும் அதோடு உப்பையும் உறிஞ்சி உடலுக்கு மீட்டுத் தருகிறது. அந்த வாய்ப்பு எங்களுக்கு இல்லை. சிறுகுடல் பழகிக்கொண்டபின் பையில் சேர்வது குறையும் என்றாலும், அந்தக் கழிவில் லிட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிமோல் (பொருளின் அளவைக் குறிக்கும் அலகு) சோடியம், அதாவது உப்பிலுள்ள தனிமம், போய்க்கொண்டே இருக்கிறது. ஆகவே நாங்கள் இழப்பது வெறும் நீரன்று, உப்புநீர்.

இதை அறியாத முதல் மாதத்தில், தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீரும் பழச்சாறும் மாறி மாறிக் குடித்தேன். குடிக்கக் குடிக்கப் பை நிறைந்தது. சிறுநீரோ குறைந்து அடர் மஞ்சளானது. எழுந்து நின்றால் தலை சுற்றியது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்து ரத்தக்குழாய் வழியே உப்புநீர் ஏற்றிக்கொண்ட பிறகே காரணம் விளங்கியது. உப்பற்ற நீர் அளவுமீறி உள்ளே போனால், சிறுகுடலின் மேற்பகுதி தன்னிடமுள்ள சோடியத்தை அதில் கசியவிடுகிறது. சர்க்கரை செறிந்த பானமோ உடலிலுள்ள நீரையே குடலுக்குள் இழுக்கிறது. இரண்டுமே பையைத்தான் நிரப்புகின்றன.

அப்படியானால் சர்க்கரையே இல்லாத பானம்தானே சிறந்தது என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அது சரியன்று. சிறுகுடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே எடுத்துச்செல்லும் புரதம் ஒன்று உள்ளது. அவ்விரண்டும் போகும் வழியில் நீரும் பின்தொடர்கிறது. எனவே சர்க்கரை கொஞ்சம் இருந்தாக வேண்டும், மிகுந்துவிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி அமைத்த ஓ.ஆர்.எஸ். (நீரிழப்பை ஈடுசெய்யக் குடிக்கும் உப்பு-சர்க்கரை) கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியமும், 75 மில்லிமோல், அதாவது 13.5 கிராம், குளுக்கோஸும் இருக்கின்றன. விளையாட்டு வீரர்களுக்கென விற்கப்படும் பானங்கள் பலவற்றில் சர்க்கரை இதைப்போல நான்கு மடங்குக்கு மேல். சோடியமோ மூன்றில் ஒரு பங்குகூட இராது. 'சர்க்கரை இல்லை' என்று அச்சிட்ட சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் மலத்தை மேலும் இளக்கிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பொடியைப் பொட்டலத்தில் சொன்ன அளவு நீரில் கலக்க வேண்டும். சுவைக்காக நீரைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. நான் ஒரே மூச்சில் குடிக்காமல், நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பருகுகிறேன். 24 மணி நேரத்துக்குமேல் மீந்ததைக் கொட்டிவிடுகிறேன். பையில் சேர்வது நாளுக்கு 1.5 லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் இக்கரைசலின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் பை மாற்றும் முறையை எனக்குப் பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். எதைக் குடிப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. மருத்துவமனைகள் தரும் வெளியேற்றக் குறிப்பில் இது தனியாக எழுதப்பட வேண்டும். பானத் தயாரிப்பாளர்களும் லிட்டருக்கு எவ்வளவு சோடியம், எவ்வளவு சர்க்கரை என்பதைப் படிக்கத்தக்க எழுத்தில் அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், இனி நீரிழப்பு பற்றி எழுதும்போது, பெருங்குடல் இல்லாதவர்களுக்கென இரண்டு வரிகளாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இலியாஸ்டமியுடன் வாழும் வாசகர் ஒருவர்