ம்டோ வா ம்பு சாப்பாட்டுக்கு நிக்கிற ஊர் மட்டும் இல்லைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு சுற்றுலா பக்கத்துல தான்சானியா சஃபாரி கட்டுரை படிச்சேன். மன்யாரா, ங்கொரொங்கோரோ, செரெங்கெட்டின்னு யானை சிங்கத்தை எல்லாம் நல்லாவே எழுதிருந்தாங்க, ஆனா அதே ரோட்டுல இருக்கிற ம்டோ வா ம்புவை மட்டும் "மதிய சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் ஊர்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. நான் அங்க லோக்கல் கைடு ஒருத்தரோட மூணு மணி நேரம் நடந்தவ, அதான் எழுதுறேன்.

பேருக்கு அர்த்தம் கொசு ஆறு. பிளவுப் பள்ளத்தாக்கோட செங்குத்துச் சரிவுக்கு அடிவாரத்துல இருக்கு, மேல இருந்து இறங்குற ஓடைத் தண்ணிய வாய்க்கால் வெட்டி வயலுக்கு விட்டிருக்காங்க, அதனால சுத்துப்பக்கம் எல்லாம் காஞ்சு கிடந்தாலும் இங்க பச்சைப்பசேல்னு நெல்லும் வாழையும். வரப்புல நடக்கும்போது கைடு சொன்னது தான் எனக்கு இன்னும் மறக்கல. அவங்க பேசுற ஸ்வாஹிலி மொழில வயல்ல நிக்கிறது ம்புங்கா, குத்தினதுக்கு அப்புறம் ம்செலே, வெந்து தட்டுக்கு வந்தா வாலியாம். நெல்லு, அரிசி, சோறு! இங்கிலீஷ்காரங்க மூணுக்கும் ரைஸ்னு சொல்லிட்டு போயிடுவாங்க, பயிர் வச்சு சாப்பிடுற ஜனங்களுக்கு அது பத்தாது போல. கூட வந்த வெள்ளைக்காரங்களுக்கு இதுல என்ன இருக்குன்னே புரியல, நான் தான் தனியா சிரிச்சுட்டு நின்னேன்.

மார்க்கெட்ல செவ்வாழை குலை குலையா தொங்குது. பிளாஸ்டிக் பைக்கு அங்க 2019 ஜூன்லயே தடை போட்டாச்சு, அதனால துணிப்பை கொண்டு போயிடுங்க. சாக்கா சமூகத்துக்காரங்க வாழைப்பழத்தை வேக வச்சு புளிக்க வச்சு, முளைகட்டின கேழ்வரகு மாவு சேர்த்து ம்பெகேன்னு ஒரு பீர் காய்ச்சுறாங்க, ஒரு வாய் குடிச்சேன், லேசா புளிப்பு, கூழு மாதிரி கெட்டியா இருக்கு, ரெண்டாவது வாய்க்கு தைரியம் வரல. தெற்கே மொசாம்பிக் எல்லைப் பக்கத்துல இருந்து வந்த மகோண்டேங்கிற இனத்துச் சிற்பிகளும் இருக்காங்க. ம்பிங்கோங்கிற கருமரத்துல செதுக்குறாங்க, வாங்குறவங்க கையில தூக்கிப் பாருங்க, நல்ல ம்பிங்கோ தண்ணில போட்டா முங்கிடும், லேசான மரத்துக்கு ஷூ பாலிஷ் போட்டு விக்கிறதும் உண்டு.

ஒரு வருத்தமும் இருக்குங்க. எங்க குரூப்ல ஒருத்தர் மசாய்ங்கிற மாடு மேய்க்கிற சமூகத்து வயசான பெரியவர் முகத்துக்கு நேரா கேமராவை நீட்டிட்டார், கேக்கவே இல்ல. பெரியவர் மேல போர்த்தியிருந்த ஷூக்காத் துணிய இழுத்து முகத்தை மூடிக்கிட்டார். கைடு அவர்கிட்ட போய் ஷிகாமூன்னு குனிஞ்சு சொன்னார், "உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்"ங்கிற மாதிரி அர்த்தமாம், பெரியவங்களுக்கு சொல்ற வணக்கம். அவரும் மரஹாபான்னு பதில் சொன்னார், ஆனா மூடின துணிய எடுக்கல. போட்டோ எடுத்தவர் அதுக்குள்ள அடுத்த கடைக்கு போயாச்சு.

அதனால அடுத்த தடவை இந்த ரூட்டைப் பத்தி போடும்போது, ஊருக்குள்ள நடக்கலாம்னும், போட்டோவுக்கு முன்னாடி கேக்கணும்னும் ரெண்டு வரி சேர்த்துக்கோங்க. காலைலயே கிளம்பச் சொல்லுங்க, வயல் பக்கம் நிழலே கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி