கொரியப் பாடமும் இரண்டாம் வேற்றுமையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் பகுதியில் ஓர் அன்பர் மனம் நொந்து எழுதியிருந்தார். நம் பிள்ளைகள் தமிழில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தெரியாமல், பல்கலைக்கழகத்தில் போய்க் கொரிய மொழி படிக்கிறார்கள், எல்லாம் நாடகம் பார்த்து வந்த மோகம் என்பது அவர் வருத்தம். அவர் சொன்ன பிள்ளைகளில் ஒருத்தி என் மகள். ஆகவே பதில் எழுதுகிறேன். பாதி அவர் பக்கம் பேசுவேன், பாதி மகள் பக்கம் பேசுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். கித்தா (ரப்பர்) காடெல்லாம் செம்பனையாக மாறியபோது நானும் அதன் பின்னாலேயே போனேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு செம்பனை ஆலையில் எடைப்பாலக் கிராணி, அதாவது எடை எழுதும் குமாஸ்தா. லாரி பாலத்தில் ஏறினால் எடையை எழுத வேண்டும், குலையை இறக்கிவிட்டு வந்தால் காலி எடையை எழுத வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரத்தில் தமிழ்ப் பத்திரிகை படிப்பேன். இந்த வருடம் அந்த நேரத்தைக் கொரிய எழுத்து தின்றுவிட்டது.

முதலில் மோகத்தைப் பற்றி. மகள் படிப்பது கணக்கியல். அவர்கள் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஓர் அந்நிய மொழியை எடுத்தே ஆக வேண்டும். ஜப்பான் மொழி வகுப்பில் இடம் நிறைந்துவிட்டது, கொரிய வகுப்பில் இடம் இருந்தது. அவ்வளவுதான் கதை. நாடகமும் பார்க்கிறாள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1982ஆம் ஆண்டிலேயே அன்றைய பிரதமர் மகாதீர் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’ என்று அறிவித்து, ஜப்பானையும் கொரியாவையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொரிய நாடகம் வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் முகம் சரியில்லை. அம்மா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். இரவு சமையலறை மேசையில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொரியப் பாடத்தின் முதல் சோதனைத் தாள். இருபதுக்கு ஏழு. சிவப்பு மையெல்லாம் ஒரே மாதிரி இடத்தில் விழுந்திருந்தது, சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிற சின்னச் சின்ன எழுத்துகளில். பாடம் நடப்பது ஆங்கிலத்தில். புத்தகமும் ஆங்கிலத்தில். “இதை எங்கே போடணும், எதுக்குப் போடணும்னே புரியலப்பா” என்றாள்.

ஒரு வாக்கியத்தைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னேன். ‘நானுன் பாபுல் மோகோயோ.’ நான் சோறு சாப்பிடுகிறேன் என்று அர்த்தமாம். ‘பாப்’ என்றால் சோறு. அந்த ‘உல்’ என்ன என்றேன். ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னாள். நான் பென்சிலை வாங்கி அடியில் எழுதினேன்: நான், சோற்றை, சாப்பிடறேங்க. ‘உல்’லுக்குக் கீழே ‘ஐ’. “இது இரண்டாம் வேற்றுமை உருபும்மா” என்றேன்.

“அப்படின்னா என்னப்பா?”

வாசகர் அன்பரே, இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் பிழை பிள்ளையுடையது அல்ல. படிவம் நான்கில் பள்ளியில் ஓர் ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: பள்ளிப் படிப்பின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுத்தால் ‘ஏ’ கிடைப்பது சிரமம், மொத்தத் தேர்ச்சி கெட்டுப்போகும், விட்டுவிடட்டும் என்று. பாரத்தை (ஒப்புதல் தாளை) நீட்டினார். கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை அதோடு இலக்கணத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டது. அந்த மூட்டைக்கு இப்படி ஓர் உபயோகம் வரும் என்று அன்று யார் கண்டது?

‘ஐ, ஆல், கு, இன், அது, கண்’ என்று ஒப்பித்தேன். தோட்டத்துப் பள்ளியில், ஒரே கூடத்தில் இரண்டு வகுப்புகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, பலகையைத் தட்டித் தட்டிப் படித்தது. நாற்பது வருடமாகியும் தட்டுகிற தாளத்தோடுதான் வருகிறது. பள்ளிக்குப் போகிறேன் என்பதில் வரும் ‘கு’வுக்குக் கொரியத்தில் ‘எ’. நானும் என்பதில் வரும் ‘உம்’முக்கு ‘தோ’. ஒவ்வொன்றாகத் தமிழ் வாக்கியத்தின் மேல் கொரிய வாக்கியத்தை வைத்தோம். ஆங்கிலத்தில் சொல்லைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் ஒன்றையும் நகர்த்த வேண்டாம். வினை கடைசியில், செய்பவன் முதலில், நம் வாக்கியம் போலவே. கடைசியில் வரும் ‘யோ’ நம்முடைய ‘ங்க’. போறேங்க, ஆமாங்க, எனக்குங்க என்று எதன் வாலிலும் மரியாதைக்காக ஒட்டிக்கொள்கிறோமே, அதே வேலை.

நம்மைவிட அவர்களுக்கு ஒரு சுகமும் உண்டு. போகிறேன், போகிறாய், போகிறான் என்று ஆளுக்கு ஆள் வால் மாற்ற வேண்டாம். எல்லாருக்கும் ‘காயோ’தான்.

இன்னொன்று சொன்னாள், எனக்குத் தூக்கம் போய்விட்டது. கொரியர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும்போது ‘பாப் மோகொஸ்ஸோயோ’ என்பார்களாம். சாப்பிட்டாச்சா என்று. அங்கே ‘உல்’ காணோமே என்றேன். பேச்சில் விட்டுவிடுவார்களாம். நாம் மட்டும் என்ன, சோற்றைச் சாப்பிட்டாயா என்றா கேட்கிறோம்? சோறு சாப்பிட்டியா என்றுதான் கேட்கிறோம். இரண்டாம் வேற்றுமைத் தொகை! சமையலறையில் நான் போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

அதன் பிறகுதான் நானும் எழுத்து படிக்கத் தொடங்கினேன், பழைய எடைச்சீட்டுகளின் முதுகில். சேஜோங் என்ற மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் நாட்டுக்கு அறிவித்த எழுத்து அது. அதுவரை அங்கே சீன எழுத்துதான், படித்த பெரிய மனிதர்களுக்கு மட்டும். சாதாரண சனங்கள் நினைப்பதை எழுத வழியில்லை என்று மன்னர் புது எழுத்து செய்தார். முதலில் 28 எழுத்துகள், இன்று அடிப்படை எழுத்துகள் 24. புத்திசாலி ஒரு காலைப்பொழுதுக்குள் கற்றுக்கொள்வான், மந்தமானவனும் பத்து நாளில் கற்றுக்கொள்வான் என்று அந்தக் காலத்து அறிஞர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

நம் ‘ப’வின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டால் அவர்களுடைய ப. சதுரப் பெட்டி போட்டால் ம. நம் ‘ட’ மாதிரியே ஒன்று இருக்கிறது, ஆனால் அது ந. முதல் மூன்று நாள் நான் ‘ட’ என்று படித்துத் தொலைத்ததெல்லாம் ந. அந்த வடிவம் சும்மா வரவில்லை. ந சொல்லும்போது நாக்கு நுனி மேலே போய் ஒட்டுகிறதல்லவா, அந்த நாக்கின் படம் அது. ம என்பது வாயின் படம். எந்த ஒலி வாயில் எந்த இடத்தில் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தில் பிறப்பியல் சொல்லுகிறது. நம்மவர் சூத்திரமாக எழுதியதை அந்த மன்னர் படமாக வரைந்துவிட்டார். உயிரெழுத்துக்கு அவர்கள் வைத்த பெயர் தாய் ஒலி, மெய்யெழுத்துக்குப் பிள்ளை ஒலி. பிள்ளை தனியாக நிற்காது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். மகளின் புத்தகம் கொரிய ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டுகிறது. ஒரே கொரிய எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் நடுவில் இன்னொரு மாதிரியும் ஒலிக்கிறது. அதை ஆங்கிலத்தில் காட்ட அவர்களால் முடியவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துமுறையை மாற்றி, பூசான் நகரத்தின் முதல் எழுத்தையே மாற்றினார்கள். நமக்கு இது ஒரு பிரச்சினையா? பாம்பு என்று எழுதுகிறோம். முதல் ப வேறு ஒலி, இரண்டாவது ப வேறு ஒலி. எந்தத் தமிழ்க் குழந்தையாவது தடுமாறியிருக்கிறதா? கொரியத்தில் முட்டாளுக்கு ‘பாபோ’. இரண்டும் ஒரே எழுத்து, பாம்பில் உள்ளது போலவே ஒலி மாறும். நாடு, பாக்கு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு குட்டி உகரம் வருகிறதே, குற்றியலுகரம், அது அவர்களுக்குத் தனி உயிரெழுத்தாகவே இருக்கிறது. ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பிள்ளைகள் அதைச் சொல்ல முகத்தைக் கோணிக்கொள்கிறார்கள். கேக் என்ற சொல்லை நாம் கேக்கு என்கிறோம், கொரியர்கள் கேஇக்கு என்கிறார்கள். பஸ்ஸு, கார்டு என்று நம் பாட்டிமார்கள் சொன்னால் சிரித்தோம். சியோல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் பஸ்ஸுக்கு அந்த உகரத்தைப் போட்டுத்தான் சொல்வார்.

எல்லாமே சுலபம் என்று சொன்னால் பொய். மூச்சோடு சொல்லும் எழுத்துகள் நமக்கு வராது. ‘புல்’ என்பதை மெதுவாகச் சொன்னால் கொரியத்தில் நெருப்பு. காற்றைத் தள்ளிச் சொன்னால் புல், ஆம், நம் புல்லேதான். தொண்டையை இறுக்கி ‘ப்ப’ என்று தொடங்கினால் கொம்பு. மகள் எடைச்சீட்டு ஒன்றை என் உதட்டுக்கு முன்னால் பிடித்தாள். புல் என்றால் சீட்டு நன்றாக ஆட வேண்டும், கொம்பு என்றால் ஆடவே கூடாது. இருபது தடவை சொன்னேன். ஒரே மாதிரி ஆடியது.

எண்களில் இரண்டு வரிசை. ஹானா, தூல், செத் என்று அவர்கள் சொந்த எண். இல், ஈ, சாம் என்று சீனத்திலிருந்து வந்தது. மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண். மூன்று மணி முப்பது நிமிடம் என்றால் முதல் மூன்று ‘சே’ (‘செத்’ சுருங்கியது), அடுத்த மூன்று ‘சாம்’. வயதுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று. வகுப்பில் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்களாம். நான் சிரித்தேன். தரம் பார்க்கப் பிரித்த குலைகளை ஒண்ணு ரெண்டு என்று தமிழில் எண்ணுகிறேன், எடையை லாரிக்காரரிடம் மலாயில் சொல்கிறேன், கைப்பேசி எண்ணை ஆங்கிலத்தில் ஒப்பிக்கிறேன். நம் ஊரில் யாருக்கு இதெல்லாம் புதிது?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். தமிழிலிருந்துதான் கொரியம் பிறந்தது, ஆயிரக்கணக்கான சொற்கள் ஒன்று, நம் இளவரசி கப்பலேறிப் போய் அங்கே ராணியானாள் என்றெல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வருகிறது. ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இல் கொரிய இலக்கணத்தையும் திராவிட இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதியது உண்மை. ஆனால் இன்றைய மொழியியல் அறிஞர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகத்தில் எத்தனையோ மொழிகளில் இருக்கின்றன. அந்த ராணி வந்ததாகச் சொல்லும் கொரியப் பழைய நூலும் ஊர் பெயரை ‘ஆயுதா’ என்றுதான் சொல்கிறது, அது எந்த ஊர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பங்காளியா இல்லையா என்று தெரியாவிட்டாலும் பக்கத்து வீட்டில் உப்பு கடன் வாங்கலாம். அமைப்பு ஒத்துப்போகிறது, அதைப் பயன்படுத்திக்கொள்வோம்.

என் கோரிக்கை இரண்டு. தமிழும் கொரியமும் தெரிந்த ஆசிரியர் யாராவது, தமிழ் வழியே கொரியம் கற்க ஒரு சின்ன நூல் எழுத வேண்டும். வேற்றுமைக்கு வேற்றுமை, உகரத்துக்கு உகரம் வைத்து. அதுவரை தங்கள் மாணவர் பகுதியில் வாரம் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும், பல்கலைக்கழக செமஸ்டர் பதினான்கு வாரம்தான். அந்தப் பக்கத்தில் தலைநகரை ‘சியோல்’ என்று எழுதாதீர்கள். அது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த பெயர். மேலே நானே பழக்கத்தில் அப்படி எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். ‘ஸொஉல்’ என்பதுதான் அவர்கள் வாயில் வருவதற்குப் பக்கம்.

இரண்டாவது, பெற்றோருக்கு. தமிழை விடச் சொல்லிப் பாரத்தை நீட்டினால் பேனாவை எடுக்காதீர்கள்.

இரண்டாம் சோதனையில் மகளுக்குப் பதினைந்து. நேற்றிரவு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள், தமிழ் எழுத்தில். “அப்பா, எட்டாவதும் இருக்கு. விளி. பேரு மெய்யில முடிஞ்சா ‘ஆ’ போட்டுக் கூப்பிடுறாங்க, நம்ம முருகா மாதிரி. ஆனா சின்னவங்களைத்தான் அப்படிக் கூப்பிடலாமாம், உங்களைக் கூப்பிட முடியாது.” எட்டு வேற்றுமை என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. எங்கேயோ தேடிப் படித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
எடைப்பாலக் கிராணி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.

(பெயர் போட வேண்டாம். இருபதுக்கு ஏழு என்று எழுதியதற்கே மகள் சண்டைக்கு வருவாள்.)