நாலாவது கேள்வி

அன்புள்ள மீனா,

பதில் போடாததற்குத் திட்டுவாய், தெரியும். திட்டி முடித்துவிட்டு மேலே படி. எல்லோரும் நலம். உன் பெரியவள் வேலையில் சேர்ந்ததை வாத்தியாரம்மா சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு பெண்கள் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வருமானம், சொத்து, பதவி என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, பெண்கள் தங்கள் உடல் பற்றித் தாங்களே முடிவெடுக்கிறார்களா என்று அளக்கும் ஐநாவின் 5.6.1 அளவுகோலில் உள்ள மூன்று கேள்விகளை வாசித்தேன். உங்கள் சிகிச்சையை யார் முடிவு செய்கிறார்கள்? கருத்தடையை யார்? விருப்பமில்லாதபோது கணவரிடம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஐநா மக்கள்தொகை நிதியத்தின் 2021 அறிக்கையின்படி, தரவு கிடைத்த 57 நாடுகளில் இந்த மூன்றிலும் தானே முடிவெடுக்க முடிந்த பெண்கள் 55 சதவீதம்தான்.

முன்வரிசையில் ஒரு அம்மா, பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கணவரைவிட அதிகம் சம்பாதிப்பவர். "வேண்டாம்னு சொல்ல முடியுமான்னு கேக்குறீங்க. வேணும்னு சொல்ல முடியுமான்னு யாரும் கேக்கலையே?" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லையடி. வேண்டாம் என்றால் சண்டை வரும். கையில் காசு இருந்தால் அதைச் சமாளிக்கலாம். வேண்டும் என்றாலோ சந்தேகம் வருகிறது: 'இதையெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய்?' இதற்கு எந்தச் சம்பளம் பதில் சொல்லும்? 1995இல் பெய்ஜிங்கில் நடந்த ஐநா பெண்கள் மாநாட்டின் ஆவணம், பெண் தன் பாலுறவு விஷயங்களை வற்புறுத்தலின்றித் தானே முடிவு செய்யலாம் என்று எழுதியது பெரிய காரியம்தான். ஆனால் 'பாலியல் உரிமைகள்' என்ற சொல்லை அதில் சேர்க்க நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. நம்மை ஆபத்திலிருந்து காப்பாற்ற எல்லோரும் வருகிறார்கள். நமக்கு ஆசை உண்டு என்றால் மட்டும் தொண்டையைக் கனைக்கிறார்கள். (அரைகுறை உடையை விடுதலை என்று விற்கும் விளம்பரக்காரர்களைத் தனியாகத் திட்டி எழுதுகிறேன், அது வேறு வியாபாரம்.)

உடற்கூறியலே இந்த லட்சணம்தானே? பெண்ணின் பாலின்ப உறுப்பான கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்குள்ளே இருக்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஹெலன் ஓ'கானெல் 1998இல் விரிவாக எழுதினார். அதுவரை பல பாடப்புத்தகங்கள் அதைச் சரியாக வரையக்கூட இல்லை.

நீ செவிலியர் மாணவிகளுக்கு இந்தப் பாடத்தை எடுக்கிறாயா, இல்லை நம் பழைய டீச்சர் மாதிரி 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கத்தைத் தள்ளிவிடுகிறாயா? உண்மையைச் சொல். அடுத்த மாதம் அதே கூட்டத்துக்குப் போகிறேன். அந்த அம்மாவின் கேள்வியை நாலாவதாகச் சேர்க்கப் போகிறேன். பெண்கள் கூசாமல் பதில் சொல்லும்படி அதை எப்படிக் கேட்பது என்று யோசித்து எழுது. உன் வாய்க்கு இது ஒரு வேலையா!

உன்
கமலா