காலைப் பாருங்கடா

பாம்பன்,
மே 18.

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். பதினோரு நிமிஷம் பேசியிருக்கிறாய், அதில் ஏழு நிமிஷம் சண்டைப் படம். ஈப்போவில் கடையைப் பூட்டிவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இதைத்தான் யோசித்துக்கொண்டு படுக்கிறாயா? எனக்கு அந்தப் பொத்தானை அமுக்கிக்கொண்டு பேச வராது. அதனால் தாளில் எழுதுகிறேன். பேத்தி போட்டோ பிடித்து அனுப்பிவிடுவாள்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. விசைப்படகெல்லாம் கரையில் ஏறி நிற்கிறது, ஊர் முழுக்க பெயிண்ட் வாசம். புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. முட்டி வலி எனக்கு அப்படியேதான் இருக்கிறது. படகில் ஏறுவதை விட்டு இரண்டு வருஷம் ஆச்சு, இப்போது வலை பொத்துவதோடு சரி. உன் லாத்தாவைப் போன வெள்ளிக்கிழமை பார்த்தேன். நீ அனுப்பிய தைலம் வந்துவிட்டதாம். தொதல் கிண்டினால் எனக்கு ஒரு பங்கு வரும் என்று சொல்லியிருக்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "இத்தனை வருஷத்துக்கு அப்புறம் சொல்லு, புரூஸ் லீயா, ஜாக்கி சானா?" என்று கேட்கிறாய். நாற்பது வருஷமாக நீ கட்சி மாறவில்லை. நான் மாறிவிட்டேன். எப்படி மாறினேன் என்று சொல்வதற்கு அந்த ராத்திரியிலிருந்து தொடங்க வேண்டும்.

1986. உன் சாச்சா பினாங்கிலிருந்து வீடியோ கேசட் போடுகிற டெக் கொண்டுவந்த வருஷம். முற்றத்தில் பாய் விரித்து, டிவியை மேசைமேல் வைத்து, தெருவே உட்கார்ந்திருந்தது. முதலில் 'வே ஆஃப் த டிராகன்', அப்புறம் ஷாவ்லினின் 36வது அறை. சீனத்தில் பேசினார்கள், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடியது. சாச்சா பாதியைப் படித்தும் பாதியைக் கற்பனை பண்ணியும் சொல்லிக்கொண்டிருந்தார். நமக்குப் பின்னால் என் மாமா. சிலம்ப ஆசான், எம்.ஜி.ஆர். பக்தர், 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் வண்டியில் உட்கார்ந்தபடியே வாத்தியார் கம்பு சுற்றியதைவிட ஒரு சண்டை உலகத்தில் இல்லை என்று நம்பியவர். "சீனாக்காரன் என்னத்தைப் பண்ணிடப் போறான்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார்.

ரோமாபுரியில் அந்தப் பழைய இடிந்த அரங்கம். புரூஸ் லீக்கு எதிரே சக் நோரிஸ், நிஜத்திலேயே கராத்தே சாம்பியன். சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் தனித்தனியாக உடம்பை முறுக்கி எலும்புகளைச் சொடுக்குவார்கள். ஒரு பூனைக்குட்டி பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் புரூஸ் லீ அடி வாங்கி வாங்கி விழுவான். நீ வாயில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்புறம் எழுந்திருப்பான், குதிகால் தரையில் படாமல் துள்ள ஆரம்பிப்பான். அந்த இடத்தில்தான் மாமா முன்னால் நகர்ந்து வந்தார். "டேய், கையைப் பார்க்காதீங்கடா, காலைப் பாருங்கடா. சுவடு மாத்திட்டான். இனிமே அவன் கிட்ட நெருங்க முடியாது" என்றார். அப்படியே நடந்தது. கடைசியில் எதிராளியைக் கொன்றுவிட்டு, அவன் சட்டையையும் பெல்ட்டையும் எடுத்துவந்து அவன்மேல் போர்த்தி, மண்டியிட்டு உட்காருவான். தெருவில் ஒரு சத்தம் இல்லை. மாமா மட்டும் "தொழில் தெரிஞ்சவன்" என்றார். எம்.ஜி.ஆருக்கு அப்புறம் அவர் வாயால் அந்தப் பட்டம் வாங்கின ஒரே ஆள் அவன்தான்.

அந்தப் படத்தை எழுதி இயக்கியதும் புரூஸ் லீதான் என்று பின்னாடிதான் தெரிந்தது. நாயகனாக அவன் முழுசாக நடித்து முடித்த சண்டைப் படம் நாலே நாலு. 1973 ஜூலை 20ஆம் தேதி போய்விட்டான், 'என்டர் த டிராகன்' வெளிவருவதைக்கூடப் பார்க்கவில்லை. 32 வயசு. என் மூத்தவளுக்கே இப்போது 33, யோசித்துப் பார். பாதியில் நின்ற 'கேம் ஆஃப் டெத்' படத்தை வேறு ஆட்களை வைத்து ஒப்பேற்றி 1978இல் விட்டார்களே, அதில் ஒரு காட்சியில் கண்ணாடியில் அவன் முகத்தை அட்டையில் வெட்டி ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. இதற்காகக்கூட ஒரு மனுஷன் பட்டினி கிடப்பானா என்று உன் உம்மா என்னிடம் வந்து கேட்டது.

அந்த ராத்திரியின் இரண்டாவது படத்தை நீ பாதியில் தூங்கிவிட்டாய். நான்தான் முழுசாகப் பார்த்தேன். கார்டன் லியூ மொட்டைத்தலையோடு மடத்தில் சேருவான். சாப்பாட்டு அறைக்குப் போக ஒரு தண்ணீர்த் தொட்டியைத் தாண்ட வேண்டும். தண்ணீரில் மிதக்கும் கட்டையில் கால் வைத்துப் பாயணும், தவறினால் குளியல்தான். அவன் திரும்பத் திரும்ப விழுவதைப் பார்த்து நம் தெருக்காரர்கள் சிரித்தார்கள் பார், மறக்கவே மாட்டேன். வல்லத்துக்கு வல்லம் தாவுகிற பயல்கள் இருக்கிற ஊர். "இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று ஒரு கிழவி கேட்டது. ஆனால் இரண்டு கைகளையும் நீட்டித் தண்ணீர் சுமக்கும் காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது. கை தொய்ந்தால் புஜத்தில் கட்டியிருக்கும் கத்தி விலாவில் குத்தும். மடிவலை இழுத்துத் தோள் செத்துப்போன ஆட்களுக்கு அது படம் இல்லை, நேற்று நடந்தது. ரஜினியின் 'பாயும் புலி' எங்கிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்தப் படத்தில் முக்கால்வாசி நேரம் சண்டையே கிடையாது, வேலைதான். எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. வில்லனை அடிக்கும் கடைசிப் பகுதியை நான் இப்போதெல்லாம் பார்ப்பதுகூட இல்லை.

ஜாக்கிக்கு வருகிறேன். சின்ன வயசில் அவனை எனக்குப் பிடிக்காது. கோமாளி என்று நினைத்தேன். இப்போது டிவியில் தமிழில் வேறு பேசுகிறான், அது தனிக் கூத்து. ஆனால் படகில் ஏறி, விழுந்து, விரல் நசுங்கி, வின்ச்சில் கை மாட்டப் பார்த்து வந்தவனுக்கு விழுவது எப்படி என்று தெரியும். 'புராஜெக்ட் ஏ'யில் மணிக்கூண்டிலிருந்து துணிப் பந்தலைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுகிறானே, அதை இரண்டு தடவை காட்டுவார்கள். எழுந்திருக்கும்போது அவன் கழுத்தைப் பார். 1985இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யில் கடைசியில், விளக்குச் சரம் சுற்றிய கம்பியைப் பிடித்துச் சர்ரென்று இறங்குவான். உள்ளங்கை வெந்து போனதாம். ஓடுகிற கயிற்றைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தவனுக்கு அந்த எரிச்சல் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. உனக்குத் தெரியாது, நீ 20 வயசிலேயே கப்பல் ஏறிவிட்டாய். படம் முடிந்து பெயர் ஓடும்போது அடிபட்ட காட்சிகளையும் போட்டுக் காட்டுவான். புரூஸ் லீக்கு வலித்ததாக நான் நம்பியதே இல்லை மாப்ளே, அதுதான் வித்தியாசம். புரூஸ் லீ மாதிரி ஆக முடியாது என்று 15 வயசில் தெரிந்தது. ஜாக்கி மாதிரி விழுந்துகொண்டுதான் இருக்கிறோம் என்று 40 வயசில் தெரிந்தது.

2008 ஏப்ரலில் 'தசாவதாரம்' பாட்டு வெளியீட்டுக்கு அவன் சென்னைக்கே வந்தான், ஞாபகம் இருக்கிறதா? தடைக்காலம், அப்போது 45 நாள்தான். சும்மா உட்கார்ந்திருந்தேன். போயிருக்கலாம். பஸ்ஸுக்குக் காசு புரட்ட முடியவில்லை.

உன் ஊர்க்காரி மிஷெல் யோவைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையே! ஈப்போவில் பிறந்தவள், நாட்டியம் படிக்கப் போய் முதுகில் அடிபட்டு சினிமாவுக்கு வந்தவள். 'போலீஸ் ஸ்டோரி 3'இல் ஓடுகிற ரயில்மேல் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஏறியது உங்கள் கோலாலம்பூரில்தான். எனக்குக் கயிறு கட்டிப் பறக்கிற படங்கள் ஒத்துக்கொள்ளாது. கயிற்றோடு பிழைத்தவன், பாரம் எங்கே தொங்குகிறது என்று கண் தேடிவிடுகிறது. 2000இல் வந்த அந்தப் பச்சைவாள் படம், 'கிரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்', அதில் மூங்கில்மேல் நிற்பதை எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு ஒட்டவில்லை. ஆனால் முற்றத்தில் இரண்டு பெண்கள் மோதும் சண்டை இருக்கிறதே, மிஷெல் யோ ஒவ்வோர் ஆயுதமாக எடுக்க எடுக்க அந்த வாள் வெட்டிப் போட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு கனத்த ஆயுதத்தைத் தூக்கப் பார்த்து முடியாமல் போய்விடும். அந்த ஒரு நொடிக்காக மிச்சத்தை மன்னித்தேன்.

'ஏழாம் அறிவு' பார்த்துவிட்டு, குங்ஃபூவே நம்முடையது என்று நீ குதித்தாய். போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சீனத்துப் பழைய குறிப்பு இருக்கிறது, சரி. சண்டையைச் சொல்லிக்கொடுத்தார் என்பது ரொம்பப் பின்னாடி சேர்ந்த கதை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நம்மிடம் இருக்கிற வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையைக் கற்க ஆள் வந்தால் போதும் என்றுதான் மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் கடைசியில் மூன்று பையன்கள்தான் மிச்சம்.

இப்போது நிலைமை தேவலை. பேத்தி சிலம்பம் போகிறாள். நெற்றி உயரக் கம்பு, இவளோ தினம் வளர்கிறாள், வருஷத்துக்கு ஒரு கம்பு வாங்கவேண்டியிருக்கிறது. 2024இல் கேலோ இந்தியா போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தையும் சேர்த்தார்கள் அல்லவா, அதிலிருந்து இவளுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று சாயங்காலம் படகுகளுக்கு நடுவே ஆடிக் காட்டினாள். வீச்செல்லாம் அழகாகத்தான் இருந்தது. நான் காலைத்தான் பார்த்தேன். இடது கால் அரை அடி தாமதம். சொன்னேன். "நீங்க என்ன ஆசானா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள்.

அதற்குத்தான் நம் நன்சாக் கதையைச் சொன்னேன். பூவரசங்கம்பு இரண்டை அறுத்து, அறுந்த வலைக்கயிற்றால் கோத்து, 'என்டர் த டிராகன்' பார்த்த மறுநாள் மணலில் நின்று நீ சுற்றியது. முதல் சுற்று சரியாக வந்தது, இரண்டாவது சுற்று உன் வலது புருவத்தில் வந்தது. ரத்தத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாயே, புரூஸ் லீ மாதிரி! அப்புறம் மயங்கி விழுந்தாய். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாமே கட்டுக்கதை என்கிறாள். அந்தத் தழும்பு இன்னும் தெரிகிறதா? நல்ல வெளிச்சத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் பங்காளி