ஒரு காது மட்டும் அடைத்தால் சொட்டு மருந்தோடு நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் காது மந்தம் என்றால் ஆலை இரைச்சல் அல்லது வயது என்று விட்டுவிடுகிறார்கள். இரைச்சல் பெரும்பாலும் இரண்டு காதையும் கெடுக்கும். சீழோ காய்ச்சலோ இல்லாமல் ஒரு காது மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். வாயை மூடி 'ம்' என்று முனகும்போது அடைத்த காதில் சத்தம் தூக்கலாகக் கேட்டால், கோளாறு நரம்பில் இல்லாமல் காதுத் துவாரத்திலோ நடுச்செவியிலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலும் அது குறும்பிதான், அல்லது நீர் கோத்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்தால், மூக்கின் பின்புறத்தில் புற்றுநோய் இல்லையென எண்டோஸ்கோப்பில் பார்த்தே ஆகவேண்டும். மிக அரிதாக நடுச்செவியின் உட்புறச் சவ்விலேயே நடுச்செவி அடினோமா எனும் கட்டி வளரும். கிழியாத செவிப்பறைக்குப் பின்னால் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரியும். சொட்டு மருந்து அங்கே எட்டாது. காய்ச்சிய எண்ணெயும் எட்டாது, காதைச் சுட்டுவிடும்.

ஸ்கேனுக்கு முன் கிளினிக்கிலேயே சதையைக் கிள்ளி எடுப்பது ஆபத்து. நாடித்துடிப்போடு இரையும் சிவப்புக் கட்டி குளோமஸ் என்ற, ரத்தக்குழாய் நிறைந்த வேறு கட்டியாக இருந்தால் ரத்தம் பீறிடும். முதலில் சிடி, பிறகு எம்ஆர்ஐ. நாம் பேசும் அடினோமா எலும்பை அரிப்பது குறைவு, நடுச்செவியின் சிற்றெலும்புகளைச் சுற்றிக்கொள்ளும். இறுதி முடிவு திசுப் பரிசோதனையில்தான். அடினோமாவில் சைட்டோகெராட்டின், சினாப்டோபைசின் என்ற இரு புரதங்களும் சாயம் ஏற்கும். குளோமஸில் பொதுவாக முன்னது ஏற்காது.

சிகிச்சை, முழுமையாக வெட்டியெடுப்பதே. கேட்கும் திறனைக் காப்பதற்காகக் கட்டி சுற்றிய சிற்றெலும்பை விட்டுவைத்தால் கட்டி மீண்டும் வரக்கூடும். அதையும் எடுத்துவிட்டு, செயற்கை எலும்பு பொருத்திக் கேட்கும் திறனை மீட்க முயல்வதே எங்கள் பார்வையில் சரி.

அறிக்கையில் வரும் பெயர்கள் குடும்பத்தாரைக் குழப்புகின்றன. 1976இல் ஹயாம்ஸ், மைக்கேல்ஸ் என்ற மருத்துவர்கள் இதை அடினோமா என்றார்கள்; 1980இல் கார்சினாய்ட் என்ற பெயரும் வந்தது; உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் நடுச்செவி நியூரோஎண்டோகிரைன் (நரம்பு, ஹார்மோன் செல்களின் தன்மை கொண்ட) கட்டி. எல்லாம் ஒரே நோய். அடினோமா என்றதும் சாதாரணக் கட்டி என மறுபரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்: பல ஆண்டுகள் கழித்தும் திரும்பும், அபூர்வமாகக் கழுத்து நிணநீர் முடிச்சுக்கும் பரவும். கார்சினாய்ட் என்றதும் கீமோவை நினைத்து நடுங்கவும் வேண்டாம். வழக்கமாக அது தேவைப்படாது.

திசு அறிக்கையின் நகலையும் ஸ்கேன் படங்கள் உள்ள வட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு வேறு ஊருக்குக் குடிபோனால், புதிய மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க முதலில் கேட்பது அவைதான்.

இப்படிக்கு,
காது மருத்துவத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.