வறண்ட ஊர் என்று நம்பி இருந்துவிடாதே

தங்கச்சிமடம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

பேத்திக்குப் பெயர் வைத்த சேதி படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் தங்கச்சிக்கு மூட்டுவலிதான் குறையவில்லை.

புரட்டாசி பிறந்துவிட்டது, அதனால் மனதில் கிடப்பதை எழுதிவிடுகிறேன். புதுமனை புகுவிழாவுக்கு உன் ஊர் பட்டணம்காத்தானுக்கு வந்தபோதே சொல்ல நினைத்தேன். நல்ல நாளில் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளம் கண்மாய்க்குத் தண்ணீர் போன வரத்துக்கால். பள்ளிக்கூட நாளில் அதில் கெண்டை பிடித்திருக்கிறோம், மறந்துவிட்டாயா? இப்போது அதன் குறுக்கே யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தச் சுவரைப் பற்றி மட்டும் கேட்டதற்கே, "தண்ணியில்லாக் காட்டில் வெள்ளமா?" என்று சிரித்தாய். 2024 நவம்பர் 20 வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று ராமேசுவரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம் மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பதே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர்தான். மணல் பூமி குடித்துவிடும் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பழைய சாலையின் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு எங்கள் வாசல் தாழ்ந்து போயிருந்ததை யார் நினைத்தது? முதல் தண்ணீர் குளியலறைத் துளை வழியாகக் குமிழியிட்டு ஏறியது. கால் மணி நேரத்தில் கணுக்கால் நனைந்தது. உன் மருமகன் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்க ஈரக் கையை நீட்டிவிட்டான். உன் தங்கச்சி போட்ட கூச்சலில் கை பாதியில் நின்றது. இப்போது நினைத்தாலும் அடிவயிறு கலங்குகிறது. மெயின் சுவிட்ச் திண்ணைப் பக்கம் உலர்ந்த இடத்தில் இருந்ததால் என்னால் அணைக்க முடிந்தது.

உன் வீட்டில் அது மாடிப்படிக்கு அடியில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்து மேலே ஏற்றிவிடு. அதுவரை, தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே அணைத்துவிடு. உள்ளே வந்த பிறகு நனைந்த காலோடு அதன் பக்கமே போகாதே. மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கச் செய்.

இன்னொன்று. அன்று பெரியம்மாவை அழைத்துவர ஸ்கூட்டரைக் கிளப்பினேன். எதிர்வீட்டுப் பெரியவர், கடலிலேயே காலம் கழித்தவர், வண்டியின் முன்னால் வந்து நின்றுவிட்டார். "மேலே கண்ணாடி மாதிரிதான் தெரியும், அடியில் நீவாடு (நீரோட்டம்) இழுக்கும்" என்றவர், சவுக்குக் கம்பைச் சாலையோரத்தில் ஊன்றிக் காட்டினார். கம்பு பிடிவரைக்கும் இறங்கியது. சாக்கடை மூடியை வெள்ளம் தூக்கியிருந்தது. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும். ஒரு அடி ஆழம் சின்ன காரை மிதக்கவைக்கும். உன் மகனுக்கு வண்டி மேல் உள்ள நம்பிக்கை எனக்குத் தெரியும், அவனிடம் இதைப் படித்துக் காட்டு.

பத்திரங்கள், மாத்திரைகள், பேத்தியின் பால்பவுடர், டார்ச் எல்லாம் இப்போதே மாடிக்குப் போகட்டும். மழை இரவில் வலுக்கும் போலிருந்தால் பகலிலேயே எல்லோரையும் கிளப்பிவிடு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, சுவரில் எழுதி வை. தண்ணீர் வடிந்ததும் மூலை முடுக்கைக் கம்பால் தட்டிப் பார்த்த பிறகே கை வை. எங்கள் வீட்டு அரிசி மூட்டைக்கு அடியில் பாம்பு சுருண்டு கிடந்தது.

அடுத்த ஞாயிறு வருகிறேன். வரத்துக்கால் நெடுக நடந்து பார்த்து, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்துவிடலாம். தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி வை. எலக்ட்ரீஷியன் வந்தாரா என்று மட்டும் அதற்குள் ஒரு வரி எழுது.

உன் மச்சான்